மாடு சொல்லும், எஞ்சின் சொல்லாது

சிங்கப்பூரில் தேக்கா நிலையச் சந்தையை ஒட்டியுள்ள பஃபலோ சாலைக்கும் அதற்கு அடுத்த கெர்பாவ் சாலைக்கும் பொருள் ஒன்றே. ஒன்று ஆங்கிலத்தில் எருமை, மற்றது மலாயில் எருமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்தை வளர்த்தது மாட்டுத் தொழில். ரொச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சுற்றியிருந்த புல்லும் மாட்டுப் பட்டிகளை இங்கே இழுத்தன. பட்டிகளோடு மாட்டு வண்டிகளும் வந்தன. ஊரில் வண்டி ஓட்டிய யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: புறப்படுமுன் அச்சுக்கு வண்டி மை போட வேண்டும். மை வறண்டால் சக்கரம் கிறீச்சிடும், மாடு நுரை தள்ளும், மேட்டில் நின்றுவிடும். கவனிக்காமல் விட்டதன் விலை அன்றைக்கே கண்முன் தெரிந்துவிடும்.

காரில் அப்படித் தெரியாது. டயரில் காற்று இறங்கினாலும், பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தாலும், சென்சார் ஒன்று பொய் சொன்னாலும், எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டு எப்போதும்போல் ஓடும். மாதக் கடைசியில் கடன் அட்டைக் கணக்கில்தான் அது தெரியவரும். அங்கேயும் விலையேற்றத்தோடு கலந்துவிடுவதால் பலர் கண்ணில் படுவதில்லை. காரைப் பராமரித்தால் பெட்ரோல் மிச்சமாகுமா, எவ்வளவு மிச்சமாகும், எதைச் செய்தால் மிச்சமாகும் என்ற கேள்விகளைச் சிங்கப்பூர்ச் சாலைகளையும் இங்குள்ள வெயிலையும் சட்டங்களையும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு மைலேஜைக் கூட்டுவதில்லை. காரிடம் ஏற்கெனவே இருந்து கைநழுவிப் போனதைத் திருப்பித் தருகிறது. இந்த வேறுபாடு புரிந்தால் எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவரிடம் பெட்ரோல் சிக்கனம் பற்றிப் பேச்செடுத்தால், “சிஓஇக்கு அவ்வளவு கட்டியாச்சு, பெட்ரோல்ல என்னத்த மிச்சம் பிடிக்கிறது?” என்பார். நியாயமான கேள்விதான். சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990 மே மாதம் நடப்புக்கு வந்தது. சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 1 லட்சம் வெள்ளிக்கு மேல் இருந்தது. அந்தத் தொகைக்கு முன்னால் மாதப் பெட்ரோல் கணக்கு சிறியதாகத் தெரிவது இயல்பு. ஆனால் சான்றிதழும் சாலை வரியும் காப்புறுதியும் கட்டிய பின் நம் கையில் இல்லை. கார் நிறுத்தும் கட்டணமும் பெரும்பாலும் அப்படித்தான். மாதாமாதம் நம் கைக்குள் இருக்கும் பெரிய செலவு எரிபொருள் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டருக்கு 2.80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் குடும்பக் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால், மாதம் 125 லிட்டர், 350 வெள்ளி. அதில் 10 விழுக்காடு வீணானால் மாதம் 35 வெள்ளி. சிலருக்கு அது பெரிதாகப் படாமல் போகலாம். டாக்சியும் தனியார் வாடகைக் காரும் ஓட்டுபவருக்குக் கணக்கே வேறு. நாளுக்கு 200 கிலோமீட்டர், மாதம் 6,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 20 கொடுக்கும் ஹைபிரிட் என்றாலும் மாதம் 300 லிட்டர், 840 வெள்ளி. அதில் 10 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 1,000 வெள்ளிக்கு மேல். தேக்காவின் மளிகைக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் விடியற்காலையில் சரக்கு இறக்கும் வேன்காரர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையை நான் முதலில் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வீணாகும் ஒவ்வொரு லிட்டரிலும் தீர்வையும் சேர்ந்தே போகிறது. 2021 பிப்ரவரி 16 முதல் 92, 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசு, 98 ஆக்டேனுக்கு 79 காசு. டீசலுக்கு 20 காசு.

மிச்சத்தைப் பற்றிப் பேசுமுன் அளவைப் பற்றிப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் கார் வாங்கப் போனால் முதல் கேள்வி “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” என்பதுதான். சிங்கப்பூர்க் காட்சியறைகளில் ஒட்டியிருக்கும் எரிபொருள் சிக்கன வில்லை அந்தக் கேள்வியைத் தலைகீழாக்கி, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்கிறது. முதல் பார்வையில் குழப்பமாக இருந்தாலும் இதுதான் நேர்மையான அளவு. லிட்டருக்கு 10 கொடுத்த கார் 12 கொடுத்தால் 100 கிலோமீட்டரில் 1.67 லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 20 கொடுத்த கார் 22 கொடுத்தால் மிச்சம் 0.45 லிட்டர்தான். இரண்டிலும் கூடியது இரண்டு கிலோமீட்டரே என்றாலும் மிச்சத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. ஆகவே, குடிக்கிற வண்டியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வீட்டில் ஒரு புதிய ஹைபிரிட்டும் கடைக்கு ஒரு பழைய வேனும் இருந்தால், சனிக்கிழமை நேரத்தை வேனுக்குக் கொடுங்கள்.

அளக்கும் முறை எளியது. தொட்டியை நிரப்பி, பம்பு தானாக நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, பயண மீட்டரைச் சுழியத்தில் வையுங்கள். அடுத்த முறையும் அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், அதேபோல் நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஒரு முறை அளந்ததை நம்பக் கூடாது. மூன்று நான்கு முறை குறித்து வைத்தால்தான் வண்டியின் உண்மை நிலை தெரியும். காரின் திரையில் வரும் சராசரி ஒரு மதிப்பீடுதான். மாதத்துக்கு மாதம் ஒப்பிட அது உதவும், கணக்குக்கு உதவாது. இந்தச் சிறு நோட்டுப் புத்தகம் இல்லாமல் செய்யும் எந்தப் பராமரிப்பும் இருட்டில் கல்லெறிவதுதான்.

பெட்ரோல் எங்கே போகிறது? அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கின்படி, பெட்ரோல் காரில் ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் 12 முதல் 30 விழுக்காடுதான் காரை நகர்த்தப் பயன்படுகிறது. மீதியில் பெரும்பகுதி எஞ்சினிலேயே வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த வெப்ப இழப்பு எஞ்சினின் பிறவிக் குணம். எந்த மெக்கானிக்காலும் அதை மாற்ற முடியாது. “இதைப் பொருத்தினால் பாதிப் பெட்ரோல் மிச்சம்” என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கைக்கு எட்டுவன சக்கர உராய்வு, பிரேக், கலவையின் அளவு, ஏர்கான் சுமை, ஓட்டும் விதம் ஆகியவைதான்.

டயரிலிருந்து தொடங்குவோம். நான்கு டயரின் சராசரிக் காற்றழுத்தத்தில் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் எரிபொருள் சிக்கனம் 0.2 விழுக்காடு குறைகிறது என்பது அதே துறையின் கணக்கு. 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் இழப்பு 1.6 விழுக்காடு. சிறிய எண்தான். ஆனாலும் இந்தக் கட்டுரையில் நான் முதலிடம் கொடுப்பது இதற்கே. காரணம், இதைச் சரிசெய்யச் செலவில்லை. பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசம். வேண்டிய அழுத்தத்தை அமைத்துவிட்டால் தானே நிரப்பி மணியடிக்கும் கருவி பல இடங்களில் இருக்கிறது. மேலும், காற்றுக் குறைந்த டயர் ஓரங்களில் தேய்கிறது, சூடாகிறது, மழையில் வழுக்குகிறது. திடீர் திடீரென்று கொட்டித் தீர்க்கும் இந்த ஊர் மழையில் அது பெட்ரோலைவிடப் பெரிய விஷயம்.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் வில்லையில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அது இலக்கு அல்ல. காலையில் முதல் வேலையாக, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். விரைவுச்சாலையில் ஓடிவிட்டு வந்து பார்த்தால் சூட்டினால் அழுத்தம் கூடிக் காட்டும், குறைவு மறைந்துவிடும். நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழப்பது வழக்கம். ஆகவே சர்வீசுக்குச் சர்வீஸ் பார்த்தால் போதாது. நைட்ரஜன் அடிக்கக் காசு கேட்கும் இடங்களும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்கிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எஞ்சின் ஆயிலில் ஒரு பழைய நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. “இது சூடான ஊர், கெட்டியான ஆயில்தான் போடணும்” என்பார்கள். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் கூலண்டைச் சுற்றவிட்டு எஞ்சினை 90 பாகை செல்சியஸ் அளவில் நிறுத்தி வைக்கிறது தெர்மோஸ்டாட். வெளியே 10 பாகையானாலும் 33 பாகையானாலும், சூடேறிய எஞ்சினுக்குள் நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான். 0டபிள்யூ-20 ஆயில் என்று கையேடு சொன்னால், அந்த 20 ஊரின் வெயிலைப் பார்த்து எழுதியதல்ல. எஞ்சின் பேரிங்குகளின் இடைவெளியைப் பார்த்து எழுதியது. கெட்டியான ஆயிலைத் தள்ள எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன தரத்திலேயே ஆயில் போட்டால் 1 முதல் 2 விழுக்காடு எரிபொருள் மிச்சமாகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. சர்வீசுக்கு விடும்போது எந்த ஆயில் என்று கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. நம் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் பலர், “குளிர் நாட்டுக்காரனுக்கு வெச்சது, நமக்கு எதுக்கு?” என்று எடுத்துவிடுவார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது பெரிய கேடாகத் தெரியவில்லை. இன்றைய எஞ்சினில் கணினி கூலண்டின் வெப்பத்தைப் பார்த்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. வெப்பம் குறைவாகக் காட்டினால், எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று எண்ணி கூடுதலாக ஊற்றும். தெர்மோஸ்டாட் இல்லாமலிருந்தாலும், திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் விளைவு இதுதான். பல புதிய கார்களில் வெப்பமானி முள்ளே கிடையாது. அதனால் ஓட்டுநருக்குத் தெரியாமலே மாதக்கணக்கில் இது நடக்கலாம். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ரீடரைச் சொருகிப் பார்த்தால், பி0128 என்ற குறியீடு இதைக் காட்டிக்கொடுக்கும்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் நானே என் கருத்தை மாற்றிக்கொண்டேன். அடைத்த ஃபில்டர் பெட்ரோலைக் குடிக்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் இதைச் சோதித்தது. நவீன ஊசித் தெளிப்பு எஞ்சின்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவைத்து ஓட்டியபோது எரிபொருள் சிக்கனத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. காரணம் எளிது. உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத்தான் கணினி தெளிக்கிறது. காற்றுக் குறைந்தால் பெட்ரோலும் குறையும். கார்புரேட்டர் வண்டிக்குத்தான் பழைய அறிவுரை பொருந்தும். ஃபில்டரை மாற்றவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எஞ்சினுக்குள் தூசி போகக் கூடாது, அதற்காக மாற்றுங்கள். மைலேஜ் கூடும் என்று எதிர்பார்த்து விலையுயர்ந்த ‘ஸ்போர்ட்ஸ்’ ஃபில்டர் வாங்க வேண்டாம்.

ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், காற்றளவு சென்சார், ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றின் கதை வேறு. இவை கெட்டால் இழப்பு பெரிது. ஆக்சிஜன் சென்சார் பழுதானதைச் சரிசெய்தால் சிக்கனம் 40 விழுக்காடு வரைகூட உயரலாம் என்று எரிசக்தித் துறை சொல்கிறது. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கணினிக்குச் சொல்லும் மூக்கு அது. மூக்கடைத்தால் கணினி பாதுகாப்புக்காகக் கூடுதலாகவே ஊற்றும். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், “வண்டி நல்லாத்தானே ஓடுது” என்று பல மாதம் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மிச்சம் பிடித்த சென்சார் விலையைப்போல் பல மடங்கு பெட்ரோலில் போயிருக்கும்.

இன்னொரு திருடன் பிரேக். என் பழைய காரில் பெட்ரோல் செலவு மெல்ல மெல்லக் கூடியது. ஒரு பட்டறையில் காட்டினேன். பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டர் கழுவினார்கள், கணிசமாகப் பில் போட்டார்கள். செலவு குறையவில்லை. ஒருநாள் உட்லண்ட்ஸிலிருந்து தேக்காவுக்கு வந்து நிறுத்தியபோது பின் சக்கரம் ஒன்றிலிருந்து கருகல் வாடை. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அனல் அடித்தது. மற்ற மூன்றும் அப்படியில்லை. கேலிப்பர் நகரும் ஊசி துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் பேட் தட்டை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றித் துடைத்து கிரீஸ் போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வண்டிக்காரர் அச்சுக்கு மை போட்டதுபோலத்தான். ஈரமும் கடற்காற்றும் நிறைந்த இந்தத் தீவில், குறைவாக ஓடி அதிகமாக நிற்கும் கார்களுக்கு இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். சர்வீசின்போது சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். வீட்டில் நீங்களே பார்ப்பதானால் தட்டைத் தொடாமல், அருகே கை வைத்து வெப்பத்தை ஒப்பிட்டாலே போதும்.

ஏர்கானைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் பேசுவதே குறைவு, அது எப்போதும் ஓடுவதால். மிகுந்த வெப்பத்தில், குறிப்பாகக் குறுந்தூரப் பயணத்தில், அது எரிபொருள் சிக்கனத்தை 25 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்துவிடலாம் என்பது அமெரிக்கக் கணக்கு. சிங்கப்பூர்ப் பயணங்கள் பெரும்பாலும் குறுந்தூரம்தான். தீவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தேக்காவிலிருந்து தோ பாயோ போய்ச் சேர்வதற்குள், வெயிலில் நின்ற காரைக் குளிர்விக்கவே கம்ப்ரசர் முழுமூச்சில் உழைத்திருக்கும். எஞ்சின் ஆயிலும் அதற்குள் சரியான சூட்டுக்கு வந்திருக்காது. ஒரே காலையில் மூன்று முறை தனித்தனியாகப் போய்வருவதைவிட, சந்தை, அஞ்சலகம், பிள்ளையின் வகுப்பு என்று ஒரே சுற்றாக முடிப்பது எந்த மருந்தையும்விட நல்ல மருந்து.

ஏர்கானுக்கு நாம் செய்யக்கூடியது உண்டு. கேபின் ஃபில்டரை மாற்றுவது, முன்னால் இருக்கும் கண்டன்சரில் இலையும் அழுக்கும் சேராமல் மெதுவாகக் கழுவுவது, குளிர்வாயு கசிகிறதா என்று பார்ப்பது. வாயு குறைந்தால் கம்ப்ரசர் நீண்ட நேரம் உழைத்தும் குளிர் வராது. நாமும் இன்னும் கூட்டிவைப்போம். பலமாடி நிறுத்துமிடத்தில் மேல்தளத்தைத் தவிர்த்து நிழலில் நிறுத்துவது, புறப்பட்ட முதல் நிமிடம் கண்ணாடிகளை இறக்கி அனலை வெளியேற்றுவது, பிறகு உள்காற்றுச் சுழற்சியில் வைப்பது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, நின்றபடி எஞ்சினை ஓடவிடும் பழக்கம். மனைவி மீன் வாங்கி வரும்வரை, நண்பர் தேநீர் வாங்கி வரும்வரை ஏர்கானோடு காத்திருப்பதைத் தேக்கா நிலையத்தைச் சுற்றி எந்த நாளும் காணலாம். சும்மா நிற்கும் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 1 முதல் 2 லிட்டர் வரை குடிக்கும். எஞ்சினின் அளவையும் ஏர்கானையும் பொறுத்தது. மீண்டும் கிளப்புவதற்கு ஆகும் பெட்ரோல் பத்து விநாடி சும்மா ஓடுவதற்குச் சமம்தான். போக்குவரத்துக் காரணமின்றி நிறுத்திய வண்டியின் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். தேசிய சுற்றுப்புற வாரியம் இதைக் கண்காணிக்கிறது. அபராதத்தைவிட, நடைபாதையில் நின்று காய்கறி வாங்கும் பாட்டியின் மூக்கை நினைத்தாவது அணைக்க வேண்டும்.

தேக்காவில் இடம் தேடிச் சுற்றுவது தனிச் செலவு. ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளிக்கு முந்திய வாரங்களும் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட்வுட் வட்டாரத்தை ஆராய்ந்த டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர், வெறும் 15 தெருத் தொகுதிகள் கொண்ட அந்த இடத்தில் கார்கள் நிறுத்துமிடம் தேடிச் சுற்றுவது மட்டும் ஆண்டுக்கு 950,000 மைல் என்று கணக்கிட்டார். தேக்காவுக்கு வடகிழக்கு ரயில் பாதை 2003இல் வந்துவிட்டது, டௌன்டவுன் பாதை 2015இல் வந்தது. ஞாயிறன்று காரை வீட்டில் விட்டு ரயிலில் வருவதுதான் அந்த நாளுக்கான சிறந்த பராமரிப்பு.

எடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 45 கிலோ கூடினால் ஏறத்தாழ 1 விழுக்காடு இழப்பு. பின்பெட்டியில் கிடக்கும் அரிசி மூட்டையையும் பழைய கோல்ஃப் பையையும் இறக்கிவிடுங்கள். கூரைப் பெட்டி அதைவிட மோசம். விரைவுச்சாலையில் காற்றைத் தடுத்து 6 முதல் 17 விழுக்காடு வரை தின்றுவிடும். மலேசியப் பயணம் முடிந்ததும் கழற்றுங்கள். தொட்டியைப் பாதிதான் நிரப்பினால் எடை குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோதான். கடற்பாலத்தைக் கடப்பவருக்கு அந்த வழியும் இல்லை: சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டும்போது தொட்டியில் முக்கால்வாசி இருக்க வேண்டும் என்பது 1991 முதல் சட்டம். அதற்கு முன் 1989இல் அது அரைத் தொட்டியாகத் தொடங்கியது.

எந்தப் பெட்ரோல் போடுவது? எண் உயர்ந்தால் தரமும் உயர்ந்தது என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆக்டேன் எண் என்பது அழுத்தத்தில் முன்கூட்டியே வெடித்துவிடாமல் தாங்கும் திறன். அதில் கூடுதல் ஆற்றல் எதுவும் அடைத்துவைக்கப்படவில்லை. கையேடு 98 கேட்டால் 98 போடுங்கள். டர்போ எஞ்சின்கள் சில கேட்கும். 92 அல்லது 95 போதும் என்று சொல்லும் காருக்கு 98 போடுவதால் மைலேஜில் வரும் பயன் விலை வேறுபாட்டை ஈடுகட்டாது. தீர்வையே லிட்டருக்கு 13 காசு அதிகம். தள்ளுபடி அட்டைகளால் நிலையத்துக்கு நிலையம் விலை மாறுவதால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 2020இல் தொடங்கிய ஃபியூவல் காக்கி தளத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

தொட்டியில் ஊற்றும் குப்பி, பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், சிகரெட் லைட்டரில் சொருகும் பெட்டி ஆகியவற்றை நான் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்தது. மிகச் சிலவே சிறு பயன் தந்தன. மூலிகையிலிருந்து பெட்ரோல் செய்துவிட்டதாக 1996இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து கிளம்பிய செய்தி எத்தனை தமிழர்களை மகிழ வைத்தது என்பதை நான் மறக்கவில்லை. நம் ஊரிலிருந்து ஒரு விடை வராதா என்ற ஏக்கம் அதில் இருந்தது. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வேதியியல் ஏக்கத்துக்கு இரங்குவதில்லை, மூலிகைப் பெட்ரோல் நிலைக்கவில்லை.

ஹைபிரிட் ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பல மாடல்களில் மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கும் சிறு துளைவழியே போகிறது. டாக்சியில் பயணிகள் பையை அதன்மேல் சாய்ப்பார்கள். தூசியும் நூலும் அடைக்கும். மின்கலம் சூடானால் கணினி அதன் வேலையைக் குறைத்து எஞ்சினை அதிகம் ஓட்டும். மைலேஜ் விழும், மின்கலத்தின் ஆயுளும் குறையும். அந்த ஃபில்டரைத் துடைக்கச் சில நிமிடங்கள் போதும். மின்கார்களுக்கும் டயர்க் காற்று, பிரேக் உரசல், ஏர்கான் பற்றிச் சொன்னவை பொருந்தும். 2024இல் புதிதாகப் பதிவான கார்களில் மூன்றில் ஒரு பங்கு மின்கார். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். ஆனால் இன்று ஓடும் பெட்ரோல் வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றைப் பற்றிய கவலை அதற்குள் தீராது.

ஓட்டும் விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. வெடுக்கென்று மிதித்து, சட்டென்று நிறுத்தும் பழக்கம் நெரிசல் சாலையில் 10 முதல் 40 விழுக்காடு வரை விழுங்கும் என்று அளந்திருக்கிறார்கள். டயர், ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து தருவதைவிட வலக்கால் தருவது அதிகம். சிராங்கூன் சாலையில் அடுத்த சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது. அதை நோக்கி விரைவதில் யாருக்கும் ஒரு விநாடிகூட மிச்சமாகாது.

கடைசியாக, நாம் ஏற்கெனவே காசு கொடுத்துப் பெறும் ஒன்றைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. மூன்று ஆண்டு நிறைந்த கார் பத்தாம் ஆண்டுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே பிரேக்கையும் புகையையும் சோதிக்கிறார்கள். பெரும்பாலோர் தேறிவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுந்தால், பெட்ரோல் முழுதாக எரியாமல் வெளியே போகிறது என்று பொருள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பிரேக் விசை மாறுபட்டால், எங்கோ ஒரு கேலிப்பர் சரியாக நகரவில்லை என்று பொருள். தேறிவிட்டாலும் அந்த முடிவுகளைக் கேட்டு உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை பெட்ரோல் போடப் போகும்போது, பணம் கட்டிவிட்டு நேரே சாலைக்கு வண்டியைத் திருப்பாதீர்கள். காற்றடிக்கும் மூலையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கதவுத் தூணில் இருக்கும் எண்ணைப் படியுங்கள், நான்கு டயரையும் சரிபாருங்கள், ஊற்றிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்சியோ வேனோ ஓட்டிப் பிழைக்கும் தம்பி யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கும் சொல்லுங்கள்.